கம்பனி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்: கத்தி, முள்ளுக்கரண்டி, அப்புறம் மற்றதெல்லாம்

கொட்டகலைப் பிள்ளை:

எல்லோருக்கும் வணக்கம். நான் பேராதனையில் முகாமைத்துவ பீடம், இறுதி ஆண்டு. ஒரு கம்பனியில் ட்ரெய்னி வேலைக்கு எழுத்துப் பரீட்சையும் இன்டர்வியூவும் முடிந்துவிட்டது. அடுத்த சுற்று என்று கண்டியில் ஒரு ஹோட்டலுக்குப் பகல் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாங்கள் எட்டுப் பேர், கம்பனிப் பக்கம் நாலு பேர். பஃபே இல்லையாம், மேசையில் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைப்பார்களாம்.

எங்கள் வீட்டில் எல்லோரும் கையால் சாப்பிடுகிறவர்கள். கெம்பஸ் கென்டீனில் கரண்டி இருக்கும், அதுவும் ஆளுக்கு ஒன்றுதான். யூடியூபில் பார்த்தால் ஒரு தட்டைச் சுற்றி ஒரு கடையே பரப்பி வைத்துக் காட்டுகிறார்கள். எதை எப்போது எடுப்பது? கையால் சாப்பிட்டால் பிழையா? அந்த நாள் வெள்ளிக்கிழமை வேறு, வெள்ளிக்கிழமையில் நான் சைவம். அதை எப்படிச் சொல்வது? தெரிந்த அண்ணாமார், அக்காமார் சொல்லுங்கள். சிரிக்காமல் சொன்னால் இன்னும் நல்லது.

முதல் பென்ச்:

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

நுவரெலியா ஸ்டுவட்:

தங்கச்சி, பயப்படாமல் வாசியுங்கள். நான் ரெஸ்டொரன்ட்டில் வேலை செய்கிறவன். மேசை போடுவதே என் தொழில்.

யூடியூபில் காட்டுகிற அந்தக் கடையை மறந்துவிடுங்கள். பகல் சாப்பாட்டுக்கு அவ்வளவு வைக்க மாட்டார்கள். உங்கள் முன்னால் பெரும்பாலும் இருக்கப்போவது இதுதான்: இடது பக்கம் ஒன்றோ இரண்டோ முள்ளுக்கரண்டி. வலது பக்கம் கத்தி, சூப் இருந்தால் அதற்கு வெளியே சூப் கரண்டி. தட்டுக்கு மேலே குறுக்கே ஒரு கரண்டியும் முள்ளுக்கரண்டியும் படுத்திருந்தால் அது டெசர்ட்டுக்கு, கடைசி வரை தொட வேண்டாம். சாப்பாடு வருகிற ஒழுங்கில்தான் நாங்கள் சாமான் வைக்கிறோம். அதனால் வெளியில் இருப்பதை முதலில் எடுங்கள், பிறகு உள்ளே வாருங்கள். தவறி மாற்றி எடுத்துவிட்டாலும் அலட்டிக்கொள்ளாதீர்கள், அதிலேயே சாப்பிடுங்கள். குறைகிற சாமானைக் கொண்டுவந்து வைப்பது எங்கள் வேலை.

பாண் தட்டு இடப்பக்கம், தண்ணீர்க் கிளாஸ் வலப்பக்கம். வட்ட மேசையில் இதுதான் எல்லோரையும் குழப்புவது. ஒருவர் பக்கத்து ஆளின் பாணை எடுத்தால் மேசை முழுக்க வரிசையாக இடம் மாறிப்போகும், கடைசி ஆளுக்குப் பாண் இருக்காது. மேசைக்கு அடியில் இரண்டு கையிலும் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்து, மற்ற விரல்களை நீட்டிப் பாருங்கள். இடது கை ஆங்கிலச் சின்ன ‘பி’ மாதிரி இருக்கும், வலது கை ‘டி’ மாதிரி. பி என்றால் பிரெட், டி என்றால் டிரிங்க். எங்கள் புதுப் பெடியன்களுக்கும் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறோம்.

பாணைக் கத்தியால் வெட்ட வேண்டாம். வாய்க்கு ஏற்ற துண்டாகக் கையால் பிய்த்து, அந்தத் துண்டுக்கு மட்டும் பட்டர் பூசிச் சாப்பிட வேண்டும். பட்டரை முதலில் உங்கள் பாண் தட்டின் ஓரத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள், பொதுப் பட்டரிலிருந்து நேரே பாணுக்குப் போகக் கூடாது.

சூப்பைக் கரண்டியால் உங்களிடமிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளி அள்ளி, கரண்டியின் பக்கவாட்டிலிருந்து சத்தமில்லாமல் குடியுங்கள். சூடாக இருந்தால் ஊத வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். நுவரெலியாக் குளிரில் ரெண்டு நிமிஷத்தில் ஆறிவிடும், கண்டியில் இன்னும் கொஞ்சம் பேச்சுக் கொடுக்க வேண்டிவரும்.

மிக முக்கியமானது இது. கத்தியும் முள்ளுக்கரண்டியும் நீங்கள் எங்களோடு பேசுகிற பாஷை. சாப்பிடும்போது இடையில் ஓய்வு என்றால் இரண்டையும் தட்டில் பிரித்துச் சாய்த்து வையுங்கள், பிடிகள் கடிகாரத்தில் எட்டுக்கும் நாலுக்கும் இருக்கிற மாதிரி. முடிந்துவிட்டது என்றால் இரண்டையும் சேர்த்து நேராக, ஆறரை மணிக்கு முள் நிற்கிற மாதிரி வையுங்கள். அப்படி வைத்தால் தட்டை எடுத்துவிடுவோம். பாதிச் சாப்பாட்டில் ஆறரை வைத்துவிட்டுப் பேச்சில் இருந்து, பிறகு தட்டைக் காணோம் என்று தேடினவர்கள் உண்டு. ஒருமுறை கையில் எடுத்த கத்தி திரும்ப மேசை விரிப்பைத் தொடக் கூடாது, தட்டில்தான் இருக்க வேண்டும்.

கண்டியில் சைவத்துக்குக் குறையே இல்லை. ஆனால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஓடர் எடுக்க வந்து நிற்கும்போது சொன்னால் சமையலறையில் ஒருவர் தலையில் அடித்துக்கொள்வார்.

சாயம் கொஞ்சம் கூட:

இதையெல்லாம் வாசிக்கும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது, மன்னிக்க வேண்டும். வெள்ளைக்காரன் போய் எத்தனை காலம்? சோற்றைப் பிசைந்து சாப்பிடுகிற கைக்கு என்ன குறை? முள்ளுக்கரண்டியை எந்தக் கையில் பிடிக்கிறோம் என்று பார்த்து வேலை தருகிற கம்பனியில் அந்தப் பிள்ளை ஏன் வேலை செய்ய வேண்டும்? தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து கெம்பஸ் வரை வந்ததே பெரிய பரீட்சை. அதற்கு மேல் இது என்ன பரீட்சை?

இன்னொன்றும் சொல்கிறேன். நுவரெலியா ஹில் கிளப் 1876இல் தோட்டத்துத் துரைமாருக்காகத் தொடங்கினது. இன்றைக்கும் இரவில் அங்கே சாப்பிட ஆண்கள் கோட்டும் டையும் போட வேண்டும், இல்லாதவர்களுக்கு அங்கேயே இரவல் கொடுப்பார்கள். இந்த ஒழுங்கெல்லாம் யாரை உள்ளே விட, யாரை வெளியே வைக்க உண்டாக்கினது என்று யோசித்துப் பாருங்கள்.

பங்களாப் பேரன்:

சாயம் அண்ணே, நீங்கள் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு என் தாத்தாவைக் கூப்பிட வேண்டும்.

தாத்தா எங்கள் தோட்டத்துப் பெரிய பங்களாவில் மேசை பரிமாறுகிற அப்புவாக இருந்தவர். 1975இல் வெள்ளைக்காரக் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுக்கும் வரை துரைமாருக்கும், அதன் பிறகு நம் நாட்டுத் துரைமாருக்கும் மேசை போட்டவர். பள்ளிக்கூடம் அதிகம் போகவில்லை. ஆனால் கத்தியின் கூர்ப்பக்கம் தட்டைப் பார்த்து இருக்க வேண்டும், சாமான்களின் அடி எல்லாம் மேசை விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் நிற்க வேண்டும் என்று கட்டைவிரல் நுனியை வைத்து அளந்து வைப்பார். கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் மேசையில் வைப்பார். சாப்பாட்டுப் பாத்திரத்தை விருந்தாளியின் இடப்பக்கமாக நீட்ட வேண்டும், குடிப்பதை வலப்பக்கமாக ஊற்ற வேண்டும் என்பார். எந்தத் துரை சாப்பாட்டு மேசையில் பண்பு தெரிந்தவர், எந்தத் துரை இல்லை என்று அவருக்கு ஒரு தரவரிசையே இருந்தது. அந்த வரிசையில் மேலே இருந்தவர்கள் எல்லாம் முள்ளுக்கரண்டியைச் சரியாகப் பிடித்தவர்கள் இல்லை. தட்டை எடுக்கப் போகிற நேரம் பேச்சை நிறுத்தாமலே உடம்பைக் கொஞ்சம் ஒதுக்கி வழி விடுகிறவர்கள், சமையல் நன்றாக இருந்தால் குசினிக்குச் சொல்லி அனுப்புகிறவர்கள். கரண்டி கீழே விழுந்தால் அதற்காகச் சத்தம் போட்ட ஒருவரைப் பற்றி அவர் கடைசி வரை நல்ல வார்த்தை சொல்லவில்லை.

பங்களாவில் அத்தனையும் செய்துவிட்டு லயத்துக்கு வந்து, தரையில் சம்மணம் போட்டு ரொட்டியும் கட்டசம்பலும் கையால்தான் சாப்பிடுவார். இரண்டையும் அவர் குழப்பிக்கொண்டதே இல்லை. அது ஒரு வேலை, இது என் சாப்பாடு, அவ்வளவுதான். நூறு வருஷத்துக்கு மேல் அந்த மேசைகளைப் போட்டவர்கள் நம் ஆட்கள். அந்த மேசையின் ஒழுங்கு நமக்குப் புதுசு என்று யார் சொன்னது?

சாயம் கொஞ்சம் கூட:

மேசை போட்டார்கள், சரி. அதில் உட்கார்ந்தார்களா? பங்களாவுக்கு முன்வாசலால் போனார்களா, பின்வாசலால் போனார்களா? அதுதான் என் கேள்வி.

பங்களாப் பேரன்:

பின்வாசலால்தான். அதனால்தான் இந்தப் பிள்ளை முன்வாசலால் போகும்போது எல்லாம் தெரிந்துகொண்டு போகட்டும் என்கிறேன்.

கொழும்பில் பதுளைக்காரி:

நான் பதுளை. கொழும்பில் ஒரு கம்பனியில் ஆள்சேர்ப்புப் பக்கம் வேலை. இந்த மாதிரிச் சாப்பாடுகளில் கம்பனிப் பக்கம் உட்காருகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்.

முள்ளுக்கரண்டியை இடது கையில் பிடித்தாயா வலது கையில் பிடித்தாயா என்று யாரும் குறிப்பெடுப்பதில்லை. எங்கள் மெனேஜர்மாரிலேயே பலர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு முள்ளுக்கரண்டியை வலது கைக்கு மாற்றித்தான் சாப்பிடுகிறார்கள். நாங்கள் உண்மையில் பார்ப்பது வேறு. வெயிட்டரை விரல் சொடுக்கிக் கூப்பிடுகிறாரா? பக்கத்தில் இருக்கிறவர் பேச ஆரம்பித்தால் கேட்கிறாரா, வெட்டிப் பேசுகிறாரா? மேசையில் போன் இருக்கிறதா? தன் தட்டு வந்ததும் தொடங்கிவிடுகிறாரா, மற்றவர்களுக்கும் வரட்டும் என்று இருக்கிறாரா? வாடிக்கையாளரோடு இவரைத் தனியாக ஒரு சாப்பாட்டுக்கு அனுப்பலாமா என்பதுதான் மேசையில் இருக்கிற எங்கள் கேள்வி. முன்பு ஒரு சுற்றில், இன்டர்வியூவில் மிக நன்றாகப் பேசிய ஒருவர் தண்ணீர் ஊற்ற வந்த பெடியனை ‘ஏய்’ என்று கூப்பிட்டார். அதன் பிறகு அவர் என்ன பேசினார் என்று எனக்கு ஞாபகமே இல்லை.

இனித் தங்கச்சி கேட்டதற்கு வருகிறேன்.

சைவம் பற்றி: வருகிறேன் என்று அறிவிக்கும் அதே மின்னஞ்சலில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ‘எனக்குச் சைவ உணவு ஏற்பாடு செய்ய முடியுமா’ என்று மட்டும். காரணம் எழுத வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். வெள்ளிக்கிழமை, விரதம், ஹலால், இறால் ஒத்துக்கொள்ளாது, எல்லாவற்றுக்கும் இதே வழிதான். மேசையில் யாராவது ஏன் என்று கேட்டால் ‘வெள்ளிக்கிழமையில் நான் சைவம்’ என்றால் போதும். இலங்கையில் அது யாருக்கும் புதினமில்லை. போயா என்கிற பௌர்ணமி நாளில் மீன், இறைச்சி சாப்பிடாதவர்கள் அந்த மேசையிலேயே இரண்டு பேராவது இருப்பார்கள்.

மெனுவைக் கையில் தந்து தெரிவு செய்யச் சொன்னால் விலை கூடினதும் வேண்டாம், மிகக் குறைந்ததும் வேண்டாம், நடுவில் ஒன்று. கைக்குச் சுலபமானதாக இருக்கட்டும். நண்டு, எலும்புக் கோழி, நீளமான நூடில்ஸ் எல்லாம் வேறு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். காசு கொடுப்பது கூப்பிட்டவர் பாடு, பில் வரும்போது பர்ஸைத் தேட வேண்டாம்.

கையால் சாப்பிடலாமா? சோறும் கறியும் வைத்து, கூப்பிட்டவரும் கையால் சாப்பிட்டால் தாராளமாகச் சாப்பிடுங்கள். எங்கள் கம்பனியில் பகல் பார்சலை எம்டியே கையால்தான் சாப்பிடுகிறார். மேசையில் எல்லோரும் கரண்டி எடுத்தால் நீங்களும் கரண்டி. பெரியவர் என்ன செய்கிறார் என்று ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் தொடங்கினால் பாதிக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிடும்.

நுவரெலியா ஸ்டுவட்:

அக்கா சொன்னது சரி. கையால் சாப்பிடுவதிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறதே, அதை யாரும் சொல்லவில்லை. விரல் நுனியால் சாப்பிடுவது, உள்ளங்கையில் கறி படாமல் இருப்பது, விரலை நக்காமல் இருப்பது, சாப்பிடுகிற கையால் பொதுப் பாத்திரத்துக் கரண்டியைத் தொடாமல் இடது கையால் எடுத்துப் போட்டுக்கொள்வது. இதை நம் வீடுகளில் சின்ன வயதிலேயே அடித்துப் பழக்கிவிடுகிறார்கள். ஒரு வெளிநாட்டு விருந்தாளி எங்கள் ஹோட்டலில் கையால் சாப்பிடப் பழகுகிறதைப் பார்த்தால் தெரியும், அது எவ்வளவு பெரிய வித்தை என்று.

கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு எலுமிச்சைத் துண்டும் வந்தால் அது கை கழுவ. ஒரு கையின் விரல் நுனிகளை நனைத்துத் துடைத்துவிட்டு, பிறகு மற்றக் கை. குடித்துவிடாதீர்கள். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை, நடந்திருக்கிறது.

சோற்றைக் கரண்டியால் சாப்பிடுவதாக இருந்தால் வலது கையில் கரண்டி, இடது கையில் முள்ளுக்கரண்டி. முள்ளுக்கரண்டியால் சோற்றைத் தள்ளிக் கரண்டியில் ஏற்றுங்கள், வாய்க்குப் போவது கரண்டி. நம் நாட்டு ஹோட்டல்களில் சோறு கறிக்கு இதுதான் வழக்கம். கத்தியால் சோற்றோடு மல்லுக்கட்ட வேண்டிய அவசியமே இல்லை. வாயில் கறிவேப்பிலையோ ஏலக்காயோ கறுவாப்பட்டையோ ரம்பை இலைத் துண்டோ அகப்பட்டால் கரண்டியை உதட்டருகே கொண்டுபோய் அதில் மெதுவாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வையுங்கள். சேர்வியட்டுக்குள், அதாவது மடியில் விரிக்கிற துணிக்குள், துப்பி மடிக்காதீர்கள். அதை விரித்து உதறுகிறவன் நான்.

சேர்வியட்டைச் சொல்ல மறந்துவிட்டேன். உட்கார்ந்து, கூப்பிட்டவர் எடுத்த பிறகு எடுத்து, இரண்டாக மடித்து மடியில். கழுத்தில் சொருக வேண்டாம். இடையில் எழுந்து போனால் கதிரையில் வையுங்கள், சாப்பாடு முடிந்தால் மேசையில் தட்டுக்கு இடப்பக்கம். அழகாக மடிக்க வேண்டாம், சும்மா வைத்தால் போதும்.

அக்குறணை 2ஆம் வருஷம்:

வைன் கிளாஸ் வைத்திருந்தால் என்ன செய்வது? எங்கள் பெட்ச்சில் ஒருவன் கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிடு என்றான்.

கொழும்பில் பதுளைக்காரி:

கவிழ்க்க வேண்டாம் தம்பி. ஊற்ற வரும்போது ‘வேண்டாம், நன்றி’ என்றால் போதும், அல்லது ஜூஸ் கேளுங்கள். எல்லோரும் கிளாஸைத் தூக்கி வாழ்த்துச் சொல்லும்போது தண்ணீர்க் கிளாஸையோ ஜூஸையோ தூக்கலாம், அதில் எந்தக் குறையும் இல்லை. குடிக்கிறவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: வேலைக்காக உங்களைப் பார்க்கிற மேசையில் குடிக்காமல் இருந்ததால் யாரும் எதையும் இழந்ததில்லை.

இடக்கை:

நான் இடக்கைக்காரன். கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் மாற்றி வைத்துக்கொள்ளலாமா?

நுவரெலியா ஸ்டுவட்:

மேசையில் இருப்பதை முதலிலேயே இடம் மாற்றி அடுக்க வேண்டாம். சாப்பிடத் தொடங்கும்போது கையை மாற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள், முடிந்ததும் வழக்கம் போல ஆறரையில் வையுங்கள். முடிந்தால் மேசையின் இடது மூலையில் உட்காருங்கள், பக்கத்து ஆளின் முழங்கையோடு இடிபடாது.

முதல் பென்ச்:

டீ வந்தால்? அதிலுமா சட்டம்?

பங்களாப் பேரன்:

தாத்தா இருந்தால் இந்தக் கேள்விக்கு ஒரு மணித்தியாலம் பதில் சொல்லியிருப்பார். கரண்டியைச் சுற்றிச் சுற்றிக் கிளாங் கிளாங் என்று கலக்கக் கூடாது. முன்னும் பின்னுமாக மெதுவாக அசைத்துவிட்டு, கரண்டியைச் சோசரில் கோப்பைக்குப் பின்னால் வைக்க வேண்டும். கோப்பைக்குள் கரண்டியை விட்டபடி குடிக்கக் கூடாது. சோசரில் ஊற்றி ஆற்றுவதை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். சின்ன விரலை நீட்டிக்கொண்டு பிடிப்பதெல்லாம் நாடகத்துக்கு, பங்களாவில் யாரும் அப்படிக் குடித்ததில்லை என்று தாத்தா சொல்வார்.

கொட்டகலைப் பிள்ளை:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. ஸ்டுவட் அண்ணா எழுதினதைக் கொப்பியில் எழுதி வைத்துவிட்டேன். சைவம் என்று மின்னஞ்சலும் அனுப்பியாயிற்று, சரி என்று பதிலும் வந்துவிட்டது.

உண்மையைச் சொன்னால் கரண்டியை விட இன்னொன்றுதான் எனக்குப் பயம். சாப்பிடும்போது எதைப் பேசுவது? முக்கியமாக, ‘எந்த ஊர்?’ என்று கட்டாயம் கேட்பார்கள். கெம்பஸில் முதல் வருஷம் முழுக்க நான் ‘ஹட்டன் பக்கம்’ என்று மட்டும்தான் சொன்னேன். தோட்டத்தின் பெயரைச் சொன்னால் அடுத்து வருகிற கேள்வியும் தெரியும், அதைக் கேட்கிற முகமும் தெரியும்.

கொழும்பில் பதுளைக்காரி:

தங்கச்சி, இந்த இழையில் வந்த கேள்விகளிலேயே இதுதான் பெரிசு. நானும் பல காலம் ‘பதுளை டவுன்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டிலிருந்து டவுனுக்கு பஸ்ஸில் ஒரு மணித்தியாலம்.

தோட்டத்தின் பெயரையே சொல்லுங்கள். மெதுவாகச் சொல்ல வேண்டாம், குரலைத் தாழ்த்தவும் வேண்டாம். சொல்லிவிட்டு அங்கேயே நிறுத்தாமல் ஒரு வரி சேர்த்துவிடுங்கள், அப்போது அடுத்த கேள்வி எங்கே போக வேண்டும் என்பது உங்கள் கையில் இருக்கும். கொட்டகலை டிம்புல்லைத் தேயிலைப் பிரதேசத்துப் பக்கம்தானே? ‘எங்கள் பக்கத்துத் தேயிலைக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் நல்ல சீசன், அந்த நேரத்துக் காய்ந்த காற்றில்தான் அந்த வாசம் வரும்’ என்று சொல்லிப் பாருங்கள். ஊவாப் பக்கம் என்றால் ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை. கொழும்பில் ஏசி அறையில் இருந்துகொண்டு தேயிலைக் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு, ‘ரெண்டு இலையும் ஒரு மொட்டும்’ என்பதைத் தாண்டிக் கொழுந்து எடுப்பதைப் பற்றி எதுவும் தெரியாது. மழை நாளில் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கிறார்கள், பெக்டரியில் வாட்டப் போட்ட இலை எப்படி மணக்கும் என்றெல்லாம் கேட்டால் சாப்பிடவே மறந்துவிடுவார்கள். எங்கள் மேசையில் ஒரு பிள்ளை இதைப் பேசி நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மற்ற ஏழு பேரும் படித்த பாடத்தைப் பற்றிப் பேசினார்கள், அந்தப் பிள்ளை தெரிந்ததைப் பற்றிப் பேசியது.

சாயம் கொஞ்சம் கூட:

இதில் அக்காவோடு முழுக்க ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு எச்சரிக்கை. தோட்டம் என்றதும் சிலர் பரிதாபப்பட ஆரம்பிப்பார்கள். ‘அப்பா அம்மா எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார்கள்’ என்று தொடங்குவார்கள். அந்தக் கதைக்குள் போகாதீர்கள். சாப்பாட்டு மேசையில் உங்கள் வீட்டுக் கஷ்டத்தைப் பரிமாற வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ‘ஓம், அம்மா இன்னும் கொழுந்து எடுக்க மலைக்குப் போகிறார்’ என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, அவர்களைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். ‘நீங்கள் எந்த ஊர்?’ என்றே கேட்கலாமே. நம்மிடம் மட்டும்தான் ஊர் இருக்கிற மாதிரி ஏன் எல்லோரும் நம்மையே கேட்கிறார்கள்?

கொழும்பில் பதுளைக்காரி:

அது நல்ல கேள்வி. கட்டாயம் கேளுங்கள். மனிதர்களுக்குத் தங்கள் ஊரைப் பற்றிப் பேசப் பிடிக்கும், அந்த நேரத்தில் நீங்கள் நாலு வாய் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

பேச்சு பற்றி இன்னும் கொஞ்சம். வாயில் சாப்பாடு இருக்கும்போது கேள்வி வந்தால் கை காட்டிவிட்டு மென்று முடித்துப் பதில் சொல்லுங்கள், அவசரமில்லை. அதற்காகத்தான் சின்னச் சின்ன வாயாகச் சாப்பிடச் சொல்கிறோம். ஆங்கிலம் தடக்குகிறது என்றால் வேகத்தைக் குறையுங்கள், சத்தத்தைக் குறைக்காதீர்கள். மேசையில் மூன்று பாஷையும் ஓடும். பக்கத்தில் ஒரு தமிழ் ஆள் கிடைத்துவிட்டார் என்று இரண்டு பேரும் தமிழிலேயே மூழ்கிவிடாதீர்கள், மற்றவர்கள் வெளியே நிற்க வேண்டிவரும். சம்பளம் எவ்வளவு என்று நீங்களாகத் தொடங்க வேண்டாம். கட்சி அரசியலும் வேண்டாம், அவர்கள் தொடங்கினாலும் கேட்டுக்கொண்டிருங்கள்.

உடை பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். சேலை கட்டினால் தலைப்பை நன்றாகப் பின் குத்திக்கொள்ளுங்கள், சூப்புக்கு மேலே குனியும்போது அது முதலில் போய் விழும். பழக்கமில்லாத சேலையை அன்றைக்குப் புதிதாகக் கட்டிப் பார்க்க வேண்டாம். கைப்பை மேசையில் வேண்டாம், கதிரைக்கும் முதுகுக்கும் இடையில் வைக்கலாம்.

முதல் பென்ச்:

இவ்வளவையும் எங்கே பழகுவது? கண்டியில் ஹோட்டலுக்குப் போய்ப் பழகினால் மாதக் காசு ஒரே நாளில் போய்விடும்.

நுவரெலியா ஸ்டுவட்:

ஹோட்டல் வேண்டாம். கத்தி முள்ளுக்கரண்டிக்கு நம் தோட்டத்து ரொட்டியை விட நல்ல பயிற்சி கிடையாது. கோதுமை மாவும் தேங்காய்ப்பூவும் போட்டுத் தடிப்பாகச் சுட்டு, கொஞ்சம் ஆறவிட்டால் ஹோட்டல் ஸ்டேக்கை விடக் கெட்டியாக இருக்கும். இடது கையில் முள்ளுக்கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, ஆள்காட்டி விரலை அதன் முதுகில் வைத்து அழுத்திக்கொண்டு, வலது கையால் கத்தியைச் சின்னதாக முன்பின் இழுத்து வெட்டுங்கள். முழங்கை விலாவோடு ஒட்டி இருக்க வேண்டும். ஒரு துண்டு வெட்டு, அதைச் சாப்பிடு, பிறகு அடுத்த துண்டு. எல்லாவற்றையும் முதலிலேயே வெட்டி வைப்பது சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற மாதிரி. ரொட்டி தட்டை விட்டுப் பறக்காமல் வெட்ட வந்துவிட்டால் உங்களுக்கு எந்த இறைச்சியும் பயமில்லை.

சூப்புக்குப் பதிலாகப் பருப்புத் தண்ணி போதும். அது சேலையில் விழுந்தால் கறை போகாது என்பதால் கவனமும் தானாக வரும்.

இதைத் தொழிலாகவே படிக்க விரும்புகிறவர்களுக்கு, இலங்கை சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவனத்தின் பாடசாலைகள் கண்டியிலும் பண்டாரவளையிலும் இருக்கின்றன. அது பரிமாறுகிற பக்கம். மேசைக்கு அந்தப் பக்கமும் நல்ல வேலைதான், சொல்லி வைக்கிறேன்.

அக்குறணை 2ஆம் வருஷம்:

சாப்பாடு முடிந்த பிறகு என்ன? சும்மா எழுந்து வந்துவிடலாமா?

கொழும்பில் பதுளைக்காரி:

கூப்பிட்டவர் எழுந்த பிறகு எழுங்கள், கதிரையை உள்ளே தள்ளிவிடுங்கள். அவருக்கு நேரே நன்றி சொல்லுங்கள், பரிமாறினவர்களுக்கும் சொல்லுங்கள். அடுத்த நாள் காலையில் ஒரு சின்ன மின்னஞ்சல், மூன்று வரி போதும். அதில் மேசையில் அவர் சொன்ன ஒரு விஷயத்தைக் குறிப்பிட்டால் நல்லது, கேட்டுக்கொண்டிருந்தீர்கள் என்று தெரியும். ‘வேலை கிடைக்குமா’ என்று அதில் கேட்டு வைக்காதீர்கள்.

கொட்டகலைப் பிள்ளை:

சரி அக்கா. கெம்பஸிலிருந்து தெரிவானது நாங்கள் நாலு பேர். சனிக்கிழமை போடிங்கில் சேர்ந்து பழகப் போகிறோம். ரொட்டி நான் சுடுகிறேன். பருப்பு அக்குறணைத் தம்பியின் அக்கா தருகிறாராம், அவரும் எங்கள் நாலு பேரில் ஒருவர்தான். நாலு முள்ளுக்கரண்டி கடன் வாங்கியாயிற்று. கத்திதான் இல்லை, குசினியில் மரக்கறி வெட்டுகிற கத்தி இரண்டு இருக்கிறது. அது போதுமா ஸ்டுவட் அண்ணா?

நுவரெலியா ஸ்டுவட்:

ஐயோ வேண்டாம், விரல் போய்விடும். பட்டர் பூசுகிற மொட்டைக் கத்தி எந்த வீட்டிலும் ஒன்றாவது இருக்கும், கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் கண்டி மார்க்கெட் பக்கம் எவர்சில்வர் சாமான் கடைகளில் தனித்தனியாக விற்பார்கள். பல்லு வைத்தது வாங்குங்கள், ரொட்டிக்கு அதுதான் சரிவரும்.

சாயம் கொஞ்சம் கூட:

கட்டசம்பலும் செய்யுங்கள். அதைக் கையால் சாப்பிடுங்கள்.